சாம்பல் பெட்டியும் நீலப் பெட்டியும்

காலை ஆறரை மணிக்கே அம்மாவின் தையல் எந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில்தான் பெரியவள் கண் விழித்தாள். விழித்தாள் என்று பேச்சுக்குச் சொல்வதுதான், தூங்கியிருந்தால்தானே விழிப்பதற்கு.

"என்னம்மா தைக்கறே இந்நேரத்துல?"

"கைக்கு உறை. உன் தம்பி சொன்னான், வால்வைத் திருகித் திருகி அங்க எல்லாருக்கும் உள்ளங்கை கொப்பளிச்சுப் போச்சாம். பழைய துண்டு நாலு கிடந்துச்சு, மடிச்சு அடிச்சுட்டேன். பன்னெண்டு ஜோடி. போகும்போது எடுத்துட்டுப் போ."

அம்மா அப்படித்தான். ஊரே பற்றி எரிந்தாலும் ஒரு செம்புத் தண்ணீரோடு போய் நிற்பாள். அந்தச் செம்பால் தீ அணையாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அங்கே தாகமெடுத்தவன் ஒருவனாவது இருப்பான் அல்லவா?

"உன் பெட்டிக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன்" என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

"பெட்டிக்கெல்லாம் வேண்டிக்கலாமாம்மா?"

"ஏன், அதுக்கும் ஞாபகமறதிதானே? எதிர்வீட்டுப் பெரியவருக்கு வேண்டிக்கலையா நான்?"

வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் சிரித்திருப்பாள்.

போன வார அத்தியாயத்தில் நாம் அவளை விட்டுவிட்டு வந்தது பால் ஆலையின் மின் அறையில், திறந்த ஒரு மூடியின் முன்னால். அந்த ஆலையின் கட்டுப்பாட்டுப் பொறியாளர் அவள். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், பால் எவ்வளவு சூடாக வேண்டும், குழாய்களைக் காஸ்டிக் சோடா கலந்த காரத் தண்ணீர் விட்டு எப்போது கழுவ வேண்டும் என்பதையெல்லாம் பதினாறு வருடமாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி கவனித்துவந்தது. பி.எல்.சி. என்பது அதற்குப் படித்தவர்கள் வைத்த பெயர். ஆலையில் 'பெட்டி' என்றால் அதுதான்.

வியாழக்கிழமை காலையில் ஆலையை ஓட்டப் பார்த்தபோது அது எல்லாவற்றையும் மறந்திருந்தது. அன்று முதல் ஆட்கள் நின்று கையால் வால்வு திருகுகிறார்கள். வருகிற பாலில் பாதியைத்தான் வாங்க முடிகிறது. மீதி வந்த வழியே திரும்பிப் போகிறது. "வயசாயிடுச்சு, செத்துப்போச்சு" என்று மேலாளர் முதல் வாயிற்காவலர் வரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று மாலை பெரியவள் பெட்டியின் சின்ன மூடியைத் திறந்தாள். உள்ளே பேட்டரி பளபளவென்று புதிதாக இருந்தது. பக்கத்தில் ஒட்டிய காகிதத் துண்டில் புதன்கிழமைத் தேதி. குண்டு குண்டான எழுத்து.

அவள் தம்பியின் எழுத்து. அதே ஆலையில் மின்பணியாளராக இருப்பவன்.

அந்தப் பழைய பெட்டி தன் வேலையை மனப்பாடமாக வைத்திருந்தது. மின்சாரம் இருக்கும்வரை மறக்காது. மின்சாரம் போனால், சுண்டுவிரல் அளவு பேட்டரி ஒன்று அந்த நினைவைத் தாங்கிப் பிடிக்கும். ஆகவே பேட்டரியை மாற்றுகிற நேரத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் போனால் தாங்க ஆளில்லை. பதினாறு வருடப் பாடமும் துடைத்துவிட்டதுபோல் போய்விடும்.

தம்பி மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் மாற்றியிருப்பான். அதை அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை வேறு விதமாகச் செய்யவே மாட்டான்.

அவர்கள் அப்பா மின்வேலை செய்தவர். ஒரே ஒரு நாள் அவசரத்தில் மெயினை அணைக்காமல் கை வைத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அதற்குப் பிறகு அவர் இருந்தவரையில் வாசல் தாண்டும் பிள்ளைகளிடம் "போய்ட்டு வா" என்று சொன்னதில்லை. "மெயினை அணைச்சுட்டுக் கை வை" என்பார். பள்ளிக்கூடம் போனாலும் அதுதான், கடைக்குப் போனாலும் அதுதான். அவர் கண்ணை மூடிய பிறகு அம்மா அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டாள். தம்பி இந்த வேலையில் சேர்ந்தபோது, பெரியவளே அவனை உட்காரவைத்து நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

உலகத்தில் உள்ள அத்தனை மின்பெட்டிக்கும் பொருந்துகிற நல்வார்த்தை. இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் தலைகீழ். அதைச் சொல்ல அவள் மறந்திருந்தாள்.

தம்பி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தான். ஐந்து நாளாக வீட்டில் அவன் தங்குவது இந்த அரைமணி நேரம்தான்.

"எந்தப் பெட்டி வாங்கறதுன்னு இன்னிக்குச் சொல்லிடுவியாக்கா?"

"நாலு மணிக்கு."

"ம்." அவன் குனிந்து காலணியை மாட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "யோசிச்சுச் சொல்லு."

"மெயினை அணைச்சுட்டுக் கை வைடா" என்றாள் அம்மா, எந்திரத்திலிருந்து தலை தூக்காமல்.

"சரிம்மா."

அவன் படியிறங்கிப் போனதும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணாம் தேதி அவனுக்கு நிரந்தரம் ஆயிடும்ல? மூணு வருஷம் ஒப்பந்தத்துலயே ஓட்டிட்டான் பிள்ளை."

"ஆயிடும்மா."

பொய் சொல்லும்போது நாக்கு தடுக்கும் என்பார்கள். அவளுக்குத் தடுக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

•

மேலாளரின் அறைக்கு வெளியே போட்டிருந்த நீளப் பலகையில், ஒரே வீட்டுக்கு வந்துசேர்ந்த இரண்டு சம்பந்திகளைப்போல அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு முழ இடைவெளி.

ஒருவர் பழைய பெட்டியைச் செய்த நிறுவனத்தின் ஆள். நரைத்த புருவம், தேய்ந்த தோல்பை. அவர் கொண்டுவந்த புதுப் பெட்டியும் சாம்பல் நிறம்தான், அளவு மட்டும் பாதி. இன்னொருத்தி போட்டி நிறுவனத்தின் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் மடியில் இருந்த பெட்டி நல்ல நீலம்.

மேலாளர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். பெரியவளும் உட்கார்ந்தாள்.

"சுருக்கமா சொல்லுங்க. எனக்கு இது ஓடணும். எப்ப ஓடும்?"

சாம்பல் பெட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "உங்க ஆலைக்குப் பதினாறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின புரோகிராமோட நகல் எங்க காப்பகத்துல இருக்கு சார். விசாரிச்சுட்டேன். பழைய வயரை அப்படியே இதுல செருகிக்கலாம். அதுக்கப்புறம் மேடம் செஞ்ச மாற்றங்களை அவங்க சேர்த்துக்கணும். நாலு நாள்."

"நாலு நாளா!" மேலாளரின் முகம் விரிந்தது.

"ஒரு முறை இருக்கு சார். நகலைக் கொடுக்கணும்னா பழைய பெட்டி எங்க கைக்கு வரணும். நினைவு எப்படி அழிஞ்சுதுன்னு படிவத்துல எழுதி உங்க கையெழுத்தோட தரணும். எங்க ஆளுங்க திறந்து பார்ப்பாங்க."

திறந்தால் அந்தக் குண்டு எழுத்துக் காகிதம் இருக்கும் என்று பெரியவள் நினைத்தாள்.

"உதிரிப் பாகம்?" என்று கேட்டாள், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"அது கொஞ்சம் தாமதம்தான் மேடம். மறைக்க மாட்டேன். ஆறு வாரம் ஆகும்."

"எங்ககிட்ட ரெண்டு நாள்ல வந்துடும்" என்றாள் நீலப் பெட்டிப் பெண் சட்டென்று. "வேகமும் அதிகம் சார். திரையில பார்த்தா எந்த வால்வு என்ன பண்ணுதுன்னு படமாவே தெரியும். புரோகிராம் மட்டும் முதல்லேர்ந்து எழுதணும். மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம் கையால திருகணுமா?"

"ஆமா சார். ஆனா பழைய பெட்டியைப் பத்திக் கவலையே வேண்டாம். நாங்களே எடுத்துட்டுப் போய் உடைச்சிடுவோம். ஒரு கேள்வி கிடையாது, ஒரு காகிதம் கிடையாது."

வியாபாரத்துக்காகச் சொன்ன சாதாரண வார்த்தை. அந்தப் பெண்ணுக்கு அதில் எந்த உள்நோக்கமும் இல்லை. பெரியவளுக்கோ, இருட்டு அறையில் யாரோ ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது.

"உங்ககிட்ட நகல் எதுவும் இல்லையா மேடம்?" என்று சாம்பல் பெட்டிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"இருந்த கணினி ரெண்டு வருஷம் முன்னாடி கெட்டுப்போச்சு."

"அப்புறம் எடுக்கலையா?"

"எடுக்கணும்னு இருந்தேன்."

அந்த வார்த்தையைப்போல ஏழை வார்த்தை உலகத்தில் இல்லை. எத்தனை பேர் நலம் விசாரிக்க வேண்டும் என்று இருந்து, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்து, இருந்தபடியே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்!

மேலாளர் எழுந்தார். "நாலு மணிக்கு எந்தப் பெட்டின்னு எழுத்துல கொடுங்கம்மா. ரெண்டு பேரும் அதுவரைக்கும் இருங்க. இன்னொண்ணு. இது தானா செத்துச்சா, எவனாவது கை வெச்சானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். எவனாவது கை வெச்சிருந்தா, அவன் அன்னிக்கே வெளியே."

•

தன் மேசையில் உட்கார்ந்து பெரியவள் ஒரு தாளில் கோடு போட்டாள். இடப்பக்கம் சாம்பல், வலப்பக்கம் நீலம். வேகம், உதிரி, பயிற்சி, பழைய வயருக்குப் பொருத்தம், ஓடத் தொடங்கும் நாள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க்.

இந்த மாதிரித் தாள் அவள் நிறையப் போட்டிருக்கிறாள். மோட்டாருக்கு, பம்புக்கு, ஏன், அம்மாவுக்குத் தையல் எந்திரம் வாங்கியபோதுகூட. அவள் போட்ட மார்க்கை யாரும் மறுத்ததில்லை. 'அந்தப் பொம்பளை தராசு' என்று ஆலையில் ஒரு பேச்சு உண்டு.

வேகம்: நீலத்துக்கு ஒன்பது. நியாயம்தான்.

உதிரி: நீலத்துக்கு ஒன்பது, சாம்பலுக்கு நான்கு. இதுவும் நியாயம்.

பயிற்சி: நீலப் பெட்டியை ஆலையில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று போட வேண்டும். பேனா ஆறு போட்டது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இளைஞர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று மனம் ஒரு காரணம் சொல்லிற்று.

பொருத்தம்: நீலத்துக்கு ஐந்து.

ஓடத் தொடங்கும் நாள். சாம்பலுக்கு நான்கு நாள், நீலத்துக்கு மூன்று வாரம். பத்தும் இரண்டும் என்று போட வேண்டிய இடம். அந்தக் கட்டத்தின் மேல் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு சாம்பலுக்கு ஏழு, நீலத்துக்கு ஆறு என்று எழுதிற்று.

கூட்டிப் பார்த்தாள். நீலம் ஜெயித்திருந்தது.

எந்த எண்ணும் பெரிய பொய் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைதான். மேலாளர் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல முடியும். நல்லவர்கள் தவறு செய்கிறபோது ஒரேயடியாகக் கிணற்றில் குதிப்பதில்லை. படி கட்டி, ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள்.

தாளை மடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

•

ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறைக்குப் போனபோது, தம்பி தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். கை சோற்றில் இருந்தது. எதிரே குழாய் மாமா காவல் காத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, ஆலையின் அத்தனை குழாயும் எங்கே போய் எங்கே வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார் என்பதால் அந்தப் பெயர்.

"எழுப்பாதீங்க மேடம். மூணு ஆள் வேலை பாக்கறான் உங்க தம்பி. 'மாமா, நீங்க உக்காருங்க, நான் திருகறேன்'னு என் முறையையும் சேர்த்து அவனே பாக்கறான். இதப் பாருங்க, உங்கம்மா தைச்ச உறை." இரண்டு கையையும் குழந்தைபோல விரித்துக் காட்டினார். "பொங்கற பானையை இறக்கப் போறவன் மாதிரி இருக்கேன்ல?"

அவர் கையலம்பப் போனார். நாற்காலி உராய்ந்த சத்தத்தில் தம்பி விழித்துக்கொண்டான். அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"சாப்பிடலையாக்கா?"

"நீ சாப்பிடு முதல்ல."

இரண்டு வாய் சாப்பிட்டான். அப்புறம் விரல் தட்டில் கோடு போட்டது. சின்ன வயதில் மார்க் அட்டையை ஒளித்துவைத்த நாட்களில் இப்படித்தான் கோடு போடுவான்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ரெண்டு நாளா மனசுல கெடந்து அரிக்குது. நீ கோபப்படக் கூடாது."

சொல்லப்போகிறான். சொல்லிவிட்டால் அப்புறம் தெரியாததுபோல் இருக்க முடியாது. தெரியாததுபோல் இருக்க முடியாவிட்டால் மேசையில் கவிழ்த்துவைத்த தாளைக் கொடுக்க முடியாது.

"இப்ப வேண்டாம்டா."

"இல்லக்கா, அந்தப் பெட்டி..."

"இப்ப வேண்டாம்னு சொல்றேன்ல! சாப்பிட்டு முடி. நாளைக்குப் பேசிக்கலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரிந்திருக்கிறது, என்று அவள் நினைத்தாள். தெரிந்தேதான் ஐந்து நாளாக என் முகத்தைப் பார்க்காமல் திரிகிறான். பாவம் என்று ஒரு பக்கமும், இத்தனை நாள் மறைத்தானே என்று ஒரு பக்கமும் மனம் பிய்ந்தது.

ஒரு நிமிடம் காது கொடுத்திருக்கலாம். கேட்பதும் ஒரு தர்மம்தான். ஆனால் பயந்துபோன அன்பு முதலில் பொத்திக்கொள்வது காதைத்தான்.

•

இரண்டரை மணி இருக்கும். கீழே கூச்சல் கேட்டது.

பெரியவள் ஓடினாள். நீராவியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஈரத்தரையில் குழாய் மாமா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சிவந்து பளபளத்தது. தம்பி குளிர்ந்த தண்ணீர்க் குழாயை அந்தக் கைமேல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?"

"கண்ணு அசந்துடுச்சு மேடம்" என்றார் குழாய் மாமா. வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது அவர் குரலில். "ஒரே ஒரு நொடி. கழுவற வால்வை மூடறதுக்குப் பதிலா பால் பக்கத்து வால்வைத் திறந்துட்டேன். பதினாறு வருஷமா இது ரெண்டையும் பெட்டி ஒண்ணாத் திறக்க விட்டதில்ல. என் கை விட்டுடுச்சு."

காரத் தண்ணீர் பால் குழாய்க்குள் போகுமுன் தம்பி பாய்ந்து மூடியிருக்கிறான். அந்த அவசரத்தில் இணைப்பு கழன்று கொதிநீர் பீய்ச்சியடித்தது. போயிருக்காது என்றுதான் தம்பி சொன்னான். ஆனால் 'போயிருக்காது' என்பதை நம்பிக் குழந்தைகள் குடிக்கிற பாலை வெளியே அனுப்ப முடியுமா? தர அலுவலர் வந்து பார்த்தார். தொட்டியில் இருந்தது முழுவதையும் கீழே விடச் சொல்லிவிட்டார்.

வால்வைத் திறந்தார்கள். தரையில் வெட்டிய கால்வாய் வழியாகப் பால் வெள்ளைவெளேரென்று ஓடிற்று. சத்தம்கூட இல்லை. ஏற்கனவே ஒரு வண்டிப் பாலைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதன் ஓட்டுநர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னும் மூன்று வாரம் இப்படி என்று அவள் எழுதிவைத்திருக்கிறாள். ஆறு மார்க் போட்டு.

இன்றைக்குக் கை. நாளைக்கு யாருடைய கண்? நாளைக்குத் தம்பியே அசந்துவிட்டால்?

மேலே போய்த் தாளை எடுத்து நான்காகக் கிழித்தாள். புதுத் தாளில் ஒரே வரி எழுதினாள்: 'சாம்பல் பெட்டியைப் பரிந்துரைக்கிறேன்.'

இவ்வளவு தூரம் சரி. ஆனால் படிவம் இருந்ததே! 'நினைவு அழிந்த காரணம்' என்று ஒரு கட்டம் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அவள் மின் அறைக்குப் போனாள். மூடியைத் திறந்து, குண்டு எழுத்துக் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். திரும்பி வந்து கட்டத்தில் எழுதினாள்: 'பேட்டரி தீர்ந்து நினைவு அழிந்தது. உரிய காலத்தில் மாற்றாததும், நகல் எடுத்து வைக்காததும் பொறுப்புப் பொறியாளரின் தவறு.'

பின்பாதி சத்தியம். முன்பாதி பொய். பழி தன் தலையில்தானே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். தியாகம் என்று பெயர் வைத்தால் பொய்யும் சற்று நேரம் நல்ல பிள்ளைபோல் கைகட்டி நிற்கும்.

படிவத்துக்குக் காத்திருந்த சாம்பல் பெட்டிக்காரர், பெட்டியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனாள். அவர் மூடியைத் திறந்தார். பேட்டரியைப் பார்த்தார். காகிதம் உரிந்த இடத்தில் இருந்த பசைத் தடத்தைப் பார்த்தார்.

"பேட்டரி புதுசு போலிருக்கே மேடம்."

"அப்புறமா நான் போட்டேன். நேத்து."

நரைத்த புருவங்களுக்குக் கீழே கண்கள் அவள் முகத்தில் ஒரு கணம் நின்றன. முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ச் செத்த பெட்டிகளைப் பார்த்த கண்கள். இயந்திரத்தின் பொய்யும் மனிதரின் பொய்யும் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"சரி மேடம்" என்று மூடியைச் சாத்தினார். "நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா? முகம் வெளுத்திருக்கு. தண்ணியாவது குடிங்க."

தோல்பையிலிருந்து தன் புட்டியை எடுத்து நீட்டினார். அவள் குடித்தாள்.

•

நான்கு மணி.

மேலாளர் பரிந்துரையைப் படித்துத் தலையாட்டினார். நீலப் பெட்டிப் பெண் தன் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். முகத்தில் ஏமாற்றம் இருந்தது. ஆனாலும், "கீழ அடிபட்டவருக்கு என் வண்டி வேணும்னா நிக்குது மேடம். நான் போற வழியிலதான் மருத்துவமனை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மேலாளர் படிவத்தை எடுத்தார். படிக்கப் படிக்க அவர் முகம் இறுகியது.

"பேட்டரி தீர்ந்துபோச்சா? இத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு. ஒரு பேட்டரியைப் பார்த்து மாத்த மாட்டீங்களா?"

"என் தப்புதான் சார்."

"இதை நான் மேல அனுப்பணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இன்னிக்கு ஓடின பாலைப் பார்த்தீங்கல்ல? இன்னிக்கு வெந்த கையைப் பார்த்தீங்கல்ல? அத்தனையும் உங்க கணக்குலதான் வரும்."

"சரி சார்."

கதவு திறந்தது. தொட்டியைக் கழுவி முடித்த செய்தியைச் சொல்லத் தம்பி வந்திருந்தான். முழங்கால்வரை நனைந்திருந்தான். கடைசி இரண்டு வாக்கியமும் அவன் காதில் விழுந்துவிட்டன.

"சார், ஒரு நிமிஷம். அக்கா மேல தப்பு இல்ல சார்."

"நீ கீழ போ" என்றாள் பெரியவள்.

"இதைத்தான் நான் மத்தியானம் கேக்க வந்தேன்! உன் தலையில பழியைப் போட்டுடுவாங்களான்னு. நீ கேக்க விடல." அவன் மேலாளரின் பக்கம் திரும்பினான். "எதுக்காக சார் அவங்க கணக்குல வரணும்?"

"பேட்டரி தீர்ந்ததால. அவங்களே எழுதியிருக்காங்க."

"தீரவே இல்ல சார்!"

"உன்னைக் கீழ போன்னு சொன்னேன்." அவள் எழுந்தே விட்டாள்.

"நீ சும்மா இருக்கா. யார் தப்பையோ நீ எதுக்குச் சுமக்கறே?" அவன் குரலில் அப்படி ஒரு வேகம். "சார், புதன்கிழமை சாயங்காலம் பேட்டரி விளக்கு சிவப்பா எரிஞ்சுது. அக்காவுக்குத் தலைக்கு மேல வேலை. இதுக்கு வேற அவங்களை இழுக்கணுமான்னு, ராத்திரி ஆலை நின்னதும் நானே புதுசு போட்டேன். தேதி எழுதி ஒட்டியிருக்கேன், போய்ப் பாருங்க. அதுவும் அவசரத்துல இல்ல சார். மெயினை அணைச்சுட்டு, பத்து நிமிஷம் விட்டு, அதுக்கப்புறம்தான் கை வெச்சேன். அவ்வளவு ஜாக்கிரதையா செஞ்சது. பேட்டரி மேல பழி வரவே வராது."

அவனுக்குத் தெரியாது. பெரியவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஐந்து நாளும் அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் முகத்தைப் பார்க்காமல் போனது, தட்டில் கோடு போட்டது, ஊர்ப்பட்ட வால்வையெல்லாம் தானே திருகியது எல்லாம் அக்காவுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையில். திருடனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டேனே என்று அவளுக்குள் என்னவோ உடைந்தது. கடவுளே, என்று கூப்பிட்டாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

மேலாளர் படிவத்தையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். படிவத்தில் ஒன்று இருக்கிறது, பையன் வேறொன்று சொல்கிறான். அவர் சாம்பல் பெட்டிக்காரரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. மெயினை அணைச்சுட்டு மாத்தினா நல்லதுதானே?"

சாம்பல் பெட்டிக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அதற்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டாம். பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லுகிற வாய் தன்னுடையதாக இருக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். அவரால் முடிந்த தயவு அந்த அளவுதான்.

"அதை மேடம் சொல்றதுதான் முறை சார்" என்றார்.

மேலாளர் பெரியவளைப் பார்த்தார்.

தம்பியும் பார்த்தான். ஐந்து நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர். தூக்கமில்லாத கண்களில் இப்போது ஒரு நிம்மதி. அக்காவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி.

"சொல்லுக்கா" என்றான் சிரித்துக்கொண்டே. "நான் செஞ்சது சரிதானே?"